விமானத்துக்கு நேரமாச்சு: சுற்றுச்சூழல் பேச்சுவார்த்தை அறைகளிலிருந்து சில அனுபவங்கள்

சுற்றுச்சூழல் ஒப்பந்தச் செயலகம் ஒன்றில் மூத்த தொடர்பு அதிகாரியாக இருக்கிறேன். எந்தச் செயலகம் என்று கேட்காதீர்கள், என் வேலை ஒப்பந்தத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. பேச வரும் நாடுகளின் தூதுக்குழுக்கள், கூட்டத் தலைவர், கூட்டத்துக்கு இடம் கொடுக்கும் அரசு, இந்த மூன்று தரப்புக்கும் நடுவில் ஓடுவதுதான் பிழைப்பு. கல்யாணத் தரகர் உத்தியோகம் என்று என் மாமா கிண்டல் செய்வார். பாதி சரி. ஆனால் தரகர் ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லலாம். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. "இந்தப் பத்தியில் இரண்டாவது வரியை எடுத்துவிட்டால் மீதிக்குச் சரி" என்று ஒரு நாடு சொன்னால், அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "இறங்கி வருகிறார்கள் போலிருக்கிறது" என்று நானாக ஒரு வரி சேர்த்தால், அடுத்த நாளிலிருந்து யாரும் என்னிடம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

டிவியில் நீங்கள் பார்ப்பது சுத்தியல் தட்டுவதை. எங்கள் நேரத்தைத் தின்பது விசா, பேட்ஜ், அறை ஒதுக்கீடு, அதிகாரச் சான்றுக் கடிதம். நாட்டுத் தலைவரோ பிரதமரோ வெளியுறவு அமைச்சரோ கையெழுத்திட்ட அந்தக் கடிதத்துக்காக எத்தனையோ தலைநகரங்களுக்கு நேரங்கெட்ட நேரத்தில் போன் போட்டிருக்கிறேன். அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது விமான டிக்கெட் பற்றி.

பசிபிக் தீவு நாடு ஒன்றின் பிரதிநிதி. வயதானவர், தனியாளாக வந்திருந்தார். மாலையில் ஒரே நேரத்தில் இரண்டு கான்டாக்ட் குரூப்கள், அதாவது ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துப் பேசும் சின்னக் கூட்டங்கள், நடக்கும், சில நாள் மூன்றுகூட நடக்கும். பணக்கார நாடுகள் ஒவ்வோர் அறைக்கும் தனி ஆள் அனுப்பும், அவர் களைத்துவிட்டால் மாற்றி உட்கார இன்னொருவர் வருவார். இவர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "நான் எந்த அறைக்குப் போகட்டும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லக் கூடாத கேள்வி அது. எந்த அறை அவருக்கு முக்கியம் என்று சொல்வது ஆலோசனை ஆகிவிடும். அதனால், "நிதி பற்றிய அறையில் இப்போது நான்காம் பத்தி ஓடுகிறது. உங்கள் குழு கொடுத்த திருத்தம் ஒன்பதாம் பத்தியில் இருக்கிறது. போகிற வேகத்தைப் பார்த்தால் எட்டரை மணிக்கு முன்னால் அங்கே வராது" என்று மட்டும் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார், எட்டேகாலுக்கு எழுந்து வந்தார். தகவல் வேறு, ஆலோசனை வேறு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைத்தான் இத்தனை வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஊருக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று விமானம்தான். கூட்டம் வெள்ளிக்கிழமை முடியும் என்று அட்டவணை சொல்லும், டிக்கெட்டும் அதை நம்பித்தான் போடப்படும். எந்தப் பெரிய கூட்டம் வெள்ளிக்கிழமை முடிந்திருக்கிறது, சொல்லுங்கள்? 2011 டர்பன் காலநிலை மாநாடு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் முடிந்தது. 2019 மாட்ரிட்டும் ஞாயிறுதான். 2024 பாகுவும் ஞாயிறு.

2024 காலி மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவின் காலி நகரில் நடந்த பல்லுயிர் மாநாடு. நவம்பர் 1ஆம் தேதி முடிந்திருக்க வேண்டியது, விடிய விடிய இழுத்தது. அந்த இரவில் நல்ல காரியங்களும் நடந்தன. பூர்வகுடி மக்களுக்கென ஒரு நிரந்தர அமைப்பு வந்தது. மரபணு வரிசைத் தரவுகளை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் பங்களிக்க வேண்டிய காலி நிதியும் வந்தது. அப்புறம் பணம் திரட்டுவது பற்றிய பேச்சு, எல்லோரும் காத்திருந்த விஷயம். அதற்குள் விடிந்துவிட்டது, நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. தீர்மானம் எடுக்க மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் அறையில் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஆள் போதவில்லை. அப்படியே நிறுத்திவைத்துவிட்டார்கள். மிச்சத்தை முடிக்க 2025 பிப்ரவரி கடைசியில் ரோமில் மறுபடி கூட வேண்டியிருந்தது. நாலு மாதத் தாமதம். யாரும் வெளிநடப்புச் செய்யவில்லை, சண்டை போட்டுக்கொண்டும் போகவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் எங்கள் செலவில் வரும் பிரதிநிதிகள் எல்லோரும் எப்போது ஊர் திரும்புகிறார்கள் என்ற பட்டியல் ஒன்றை முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்வேன். கூட்டம் இழுக்கும் போலிருந்தால் யாருக்கு டிக்கெட்டை மாற்றுவது, யாருக்கு இன்னும் ஓர் இரவு அறை வாடகையும் படியும் கேட்பது என்று புதன்கிழமையே ஆரம்பித்துவிட வேண்டும். அந்தப் பணமும் பணக்கார நாடுகள் விரும்பிக் கொடுப்பதுதான் என்பது தனிக் கதை.

ஒரு தடவை பெரிய நாடு ஒன்றின் பிரதிநிதி காபி வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். வானிலை பேசினார், என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அப்புறம் சாதாரணமாக, "தீவு நாட்டுக்காரர்களெல்லாம் என்றைக்குக் கிளம்புகிறார்கள்?" என்றார். அவர்களையே கேளுங்கள் என்றேன். "சும்மா வழியனுப்பலாமென்றுதான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பட்டியலை மேசையில் வைப்பதில்லை.

தனியாளாகப் போய் உட்கார்ந்தவர்கள், மொழிபெயர்ப்புக் கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

*

அண்ணா, நான் கொழும்பிலிருந்து. தொழில்நுட்ப ஆளாக பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சுக்குப் போயிருக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டு அறைப் பிரச்சினை எனக்கும் வந்தது. ஆனால் எனக்கு மறக்க முடியாதது வேறு.

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எங்கள் கடலில் பற்றி எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூன் 2 அளவில் மூழ்கிப்போனது. நைட்ரிக் அமிலம், எண்ணெய் எல்லாம் இருந்தன, ஆனால் கரையை மூடியது பிளாஸ்டிக் குருணை. கிட்டத்தட்ட 1,680 தொன். சரக்குவவிலும் நீர்கொழும்புப் பக்கமும் மணலை அள்ளினால் பாதி குருணைதான், கருகியதும் வெள்ளையுமாக. மீன்பிடி நிறுத்தப்பட்டது, ஆமைகள் செத்து ஒதுங்கின. இவ்வளவுக்கும், ஆபத்தான சரக்கு என்று கடல் போக்குவரத்து விதிகள் வைத்திருந்த பட்டியலில் அந்தக் குருணை இல்லை. ஒரு பை அரிசியை ஏற்றுவதுபோல் ஏற்றலாம்.

அந்தக் குருணையில் கொஞ்சத்தை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுபோயிருந்தேன். பேச்சுவார்த்தையில் நாங்கள் கேட்டதையெல்லாம் வரிக்கு வரி எதிர்த்த எண்ணெய் நாடு ஒன்றின் பிரதிநிதி சாப்பாட்டு வேளையில் எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீனவர்களுக்குக் காசு கிடைத்ததா?" என்றார். அவருடைய ஊரும் கடற்கரையாம், தகப்பனார் வலை பின்னியவராம். அவ்வளவு நேரம் கதைத்தோம். மூன்று மணிக்கு அறை கூடியது. குருணைக் கசிவு பற்றிய வரி வந்ததும் முதலில் பெயர்ப்பலகையைத் தூக்கியவர் அவர்தான். அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னார், அதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். முடிந்து வெளியே வரும்போது கையை விரித்து "தலைநகரம்" என்று ஒரே சொல் சொன்னார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குப் பிறகு ஆளோடு வாதாடுவதை விட்டுவிட்டேன். அவருக்கு வந்த உத்தரவில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தேடுவது பிரயோசனமானது. 'தடை' என்றால் அவரால் முடியாது. 'கையாளும் முறை' என்றால் தலைநகரத்தைக் கேட்காமலே சரி சொல்ல முடியும் என்று பிறகு கண்டுபிடித்தேன்.

பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சு தென்கொரியாவின் பூசானிலும் முடியவில்லை, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடியவில்லை. எங்கள் உயர் நீதிமன்றம் (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பீர்கள்) 2025 ஜூலையில் 100 கோடி டொலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லிக் கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது. ஒப்பந்தத்துக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது, பாருங்கள்.

*

நான் கண்ணாடி அறைக்குள் இருப்பவள். புதுச்சேரிக்காரி, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு. இரண்டு பேர் உட்காருவோம், அரை மணிக்கொருதரம் மாற்றிக்கொள்வோம். அதற்கு மேல் ஓட்டினால் மூளை நின்றுவிடும். காலை பத்திலிருந்து ஒன்று, மாலை மூன்றிலிருந்து ஆறு. ஆறு மணிக்கு மேல் கூடுதலாக ஏற்பாடு செய்தால் உண்டு, இல்லாவிட்டால் மைக்கை அணைத்துவிட்டு நாங்கள் கிளம்பிவிடுவோம். ஐ.நா.வுக்கு ஆறு மொழி என்பதெல்லாம் பெரிய மண்டபத்தில்தான். அண்ணா சொன்ன கான்டாக்ட் குரூப்களில் ஆங்கிலம் மட்டும்.

மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக்காரர் ஒருவர். மண்டபத்தில் அவர் பேசினால் மொழிபெயர்க்கவே ஆசையாக இருக்கும். வாக்கியம் அப்படி அமையும், கிண்டலும் கூடவே வரும். அவரை ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குச் சின்ன அறையில் பார்த்தேன், மறந்து வைத்த சால்வையை எடுக்கப் போயிருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்ல முடியுமா என்று கேட்டார். எங்கள் விதிப்படி முடியாது. ஒரு நாட்டுக்கு மட்டும் செய்தால் மறுநாள் கண்ணாடி அறையில் என்னை யார் நம்புவார்கள்? முடியாது என்று சொல்லிவிட்டு வந்து தூங்கவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணி. மைக் அவருக்கு. "நேற்றிரவு என் நாடு ஒரு வாசகத்துக்கு ஒப்புக்கொண்டதாகப் போட்டிருக்கிறீர்கள். என் நாடு அறையில் இருந்தது உண்மை. பேச்சு என் நாட்டுக்குள் போகவில்லை" என்கிற மாதிரி பிரெஞ்சில் சொன்னார். அதை ஆங்கிலத்தில் நான்தான் சொன்னேன். அன்று எனக்குக் குரல் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பத்தியை மறுபடி திறந்தார்கள்.

*

எல்லாம் படித்தேன். நான் ஓய்வு பெற்ற குளிர்பதனப் பொறியாளன், ஓசோன் பேச்சுக்களுக்கு ஆலோசகனாகப் போய்வந்தவன். எல்லா இரவுக் கூட்டமும் ஏமாற்று என்கிற தொனி இங்கே தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

2016 அக்டோபர் 15 விடிகாலை, ருவாண்டாவின் கிகாலி. அதுவும் ராத்திரி முழுக்க நடந்ததுதான். ஏசி, ஃபிரிட்ஜ்களில் இருக்கிற எச்எஃப்சி வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பது என்று முடிவானது. வளரும் நாடுகளை இரண்டாகப் பிரித்தார்கள். சீனா உள்ளிட்ட பெரும்பாலானவை 2024இல் உச்சவரம்புக்குள் வர வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஈராக், வளைகுடா நாடுகள் சேர்ந்து பத்து நாட்டுக்கு 2028. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பட்டியலில், ஒரே கோரிக்கையோடு! வெயில் ஒன்றுதானே இரண்டு பேருக்கும்.

அது எப்படி முடிந்தது என்றால், 1987இல் ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் நெறிமுறை வந்ததிலிருந்து வருடா வருடம் ஏறக்குறைய அதே முகங்கள். இன்ன கம்ப்ரஸருக்கு இன்ன வாயு போகுமா என்று சாப்பாட்டு மேசையிலேயே படம் போட்டுப் பேசுவோம். அப்புறம் காசு. அதற்கான பலதரப்பு நிதியின் நிர்வாகக் குழுவில் 14 நாடு. ஏழு வளர்ந்த நாடு, ஏழு வளரும் நாடு. ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கம் எதையும் நிறைவேற்ற முடியாது. அதனால் இரவு இரண்டு மணிக்குச் சரி சொன்னவனுக்கும் காலையில் பயம் இல்லை. தம்பி டிக்கெட்டை மாற்றிக் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அது மருந்து இல்லை. பணத்தில் பாதிப் பிடி இல்லாதவன் கடைசிவரை உட்கார்ந்திருந்தும் என்ன பிரயோஜனம்?

*

ஐயா சொல்வதில் பெரும்பகுதிக்குத் தலையாட்டுகிறேன். ஒன்றே ஒன்று. அந்தப் பதினான்கு நாற்காலி ஏற்பாடும் ஒரு கூட்டத்தில்தான் முடிவானது, 1990இல், லண்டனில். அன்றைக்கும் யாரோ கடைசிவரை அறையில் இருந்திருக்கிறார்கள்.

கொழும்புத் தங்கச்சிக்கு: அடுத்த கூட்டத்துக்கு எங்கள் மாதிரிச் செயலகங்கள் மூலம் டிக்கெட் போட்டால், தேதி மாற்றக்கூடிய டிக்கெட் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் விலை குறைந்ததைத்தான் போடுவார்கள்.