பிரிக்காத மாத்திரை அட்டைகள் (ஆரம்ப சுகாதார நிலைய அனுபவங்கள்)

வட்டார மருத்துவர்:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு இது ஏழாவது வருஷம். போன மாதம் ஓ.பி.யில் ஒரு பாட்டி, சர்க்கரை 340. "மாத்திரை போடறீங்களாம்மா?" என்றேன். "போடறேன் டாக்டரம்மா." மஞ்சப்பையை வாங்கிக் கவிழ்த்தால் மூன்று மாத அட்டைகள், பிரிக்காமலே! மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போன மாத்திரைகள். 2021இல் அந்தத் திட்டம் வந்தபின் எங்கள் கூட்டம் குறைந்தது, நல்ல திட்டம்தான். ஆனால் பாட்டி விழுங்கினாரா என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. காலையில் நீராகாரம் குடித்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போகிறார், மதியம்தான் சோறு. சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை போட்ட நாளில், சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கி, வேர்த்து, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இதைக் கேட்க பன்னிரண்டு நிமிடம் ஆனது. வெளியே நாற்பது பேர், "உள்ளே என்ன கதையா பேசறாங்க?" என்று ஒருவர் சத்தம் போடுகிறார். மாத்திரையை மாற்றி எழுதினேன்.

அந்த வார ரெவ்யூ மீட்டிங்கில் கேட்டது ஒன்றுதான்: ஸ்கிரீனிங் (நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எண்ணிக்கை ஏன் குறைவு?

மலையடிவார மருத்துவர்:
மேடம், உங்களுக்கு லேப் டெக்னீஷியனாவது இருக்கிறார். எங்களுக்கு இரண்டு நிலையத்துக்கு ஒருவர்தான். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக்கில் அவர் இல்லையென்றால் ரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு நாள் பஸ் ஏறி வரச் சொல்ல வேண்டும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் எப்படிச் சொல்வது? 2025க்குள் சுகாதாரத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆரம்ப நிலைச் சிகிச்சைக்கு என்று 2017 தேசியக் கொள்கையில் எழுதினார்கள். இங்கே பி.பி. மிஷின் பேட்டரி என் காசு.

பழைய ஆள்:
2019 அக்டோபரில் அரசு மருத்துவர்களின் ஊதிய உயர்வுக்கான அரசாணை 354ஐ அமல்படுத்தக் கேட்டு ஸ்டிரைக்கில் உட்கார்ந்தவன் நான். சம்பளத்துக்குத்தான் போராடினோம், மறைக்கவில்லை. அதற்கே பேராசை என்றார்கள். சரி, அதை விடுங்கள். மேடம், அந்தப் பாட்டி திரும்ப வந்தாரா?

வட்டார மருத்துவர்:
வந்தார் சார். சர்க்கரை 210. எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார். "உங்களுக்குத்தான் டாக்டரம்மா, நான் தொடல" என்றார். சீப்பில் இரண்டு பழம் குறைந்திருந்தது.