சீசனுக்குச் சென்னை போகிறவர்களுக்கு: மதியக் கச்சேரியை விட்டுவிடாதீர்கள்

சென்னையின் டிசம்பர் இசை சீசனில் சபா சபாவாக ஏறி இறங்க வேண்டும் என்பது எனக்குக் கல்லூரிக் காலத்து ஆசை. திருநெல்வேலியில் இருந்துகொண்டு வானொலியிலும் யூடியூபிலும் கேட்டுக்கேட்டு வளர்ந்த ஆசை. போன மார்கழியில் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்து எழும்பூரில் போய் இறங்கிவிட்டேன்.

முதல் நாள் மாலை பெரிய வித்வான் ஒருவரின் கச்சேரி. டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பாட்டு பிரமாதம்தான், ஆனால் காதில் விழுந்ததெல்லாம் ஸ்பீக்கர் வழியாக வந்தது. மனத்தில் ஒட்டிக்கொண்டது மறுநாள் மயிலாப்பூரில் கேட்ட மதியக் கச்சேரி.

பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. நேரே உள்ளே போய் உட்காரலாம். வளர்ந்து வரும் இளம் கலைஞர்களுக்கான நேரம் அது. அரங்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்ததால் மேடைக்கு மிக அருகில் இடம் கிடைத்தது. மிருதங்கக்காரர் பிசைந்த ரவையை மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பி, விரலால் வட்டமாக அழுத்திவிட்டுத் தட்டிப் பார்த்தார். அப்புறம் சின்னக் கல்லால் வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பில் மெல்லத் தட்டித் தட்டித் தம்புராவோடு சுருதி சேர்த்தார். அந்தத் தொப்பியின் கும்கி, அந்தக் கனத்த அடிநாதம், நெஞ்சுக்குள் அதிர்ந்ததே, அது எந்த ஹெட்போனிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பாடிய பெண் கரகரப்பிரியா ராகத்தை அவசரமே இல்லாமல் விரித்தார். கீர்த்தனை ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம். நான் தாளத்தில் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்த மாமி கவனித்துவிட்டார்.

"முதல்ல மூணு, அப்புறம் நாலு. தகிட, தகதிமி. கையைக் குடும்மா" என்று என் கையைப் பிடித்துத் தன் தொடையிலேயே தட்டிக் காட்டினார்.

"மாமி, நீங்க பாட்டு டீச்சரா?" என்று கேட்டேன்.

"இல்லடி, கேட்டுக் கேட்டு வந்ததுதான்" என்றார்.

மிருதங்கம் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குச் சிலர் எழுந்து போனார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவ்வளவு நேரமும் பாட்டுக்கு அனுசரித்து வாசித்த கலைஞருக்கு அந்தக் கச்சேரியில் கிடைக்கும் சொந்த இடம் அது ஒன்றுதானே! மாமி அசையவில்லை. முடிவுக்காகக் கோத்த கடைசித் தாளக் கோர்வை, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சரியாக வந்து விழுந்தபோது அவர் "சபாஷ்!" என்றது மேடைவரை கேட்டது. மிருதங்கக்காரர் நிமிர்ந்து சிரித்தார்.

மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் லெக்டெம் (செய்முறை விளக்கத்தோடு கூடிய உரை) ஒன்றுக்கும் போனேன். 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த அமைப்பு அது. ராகங்களைப் பற்றி அறிஞர்கள் பாடிக் காட்டிப் பேசுவதைக் கேட்ட பிறகு, கச்சேரி கேட்கும் விதமே எனக்கு மாறிவிட்டது.

போகிறவர்கள் மாலைக்கு ஒரு டிக்கெட் வாங்கினால் போதும், மதியத்தை இளையவர்களுக்குக் கொடுங்கள். முன்வரிசையில் நம் இடப்பக்கமாக உட்கார்ந்தால் பெரும்பாலும் மிருதங்கம் பக்கத்திலேயே இருக்கும். கேன்டீன் சாப்பாட்டைக் கச்சேரிக்கு முன்பே முடித்துவிடுங்கள், தனியின்போது எழுந்திருக்க வேண்டியிருக்காது.