அம்மாவின் கால் புண்ணுக்குச் சிவப்பு ஒளி வைக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் நான்கு மாதமாகியும் ஆறவில்லை. ஒரு ரூபாய் நாணய அளவு இருக்கும். ஓரமெல்லாம் வெளுத்துத் தடித்துவிட்டது, நடுவில் மட்டும் கொஞ்சம் சிவந்த சதை. தினமும் நான்தான் கட்டு மாற்றுகிறேன். அவருக்கு வலியே தெரிவதில்லை, அதுதான் எனக்குப் பயம்.

போன வாரம் ஒரு கிளினிக்கில் சிவப்பு எல்இடி விளக்கு வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஒளியின் அலைநீளம் எத்தனை நானோமீட்டர் என்று கேட்டேன், பதில் வரவில்லை. சரி என்று நானே தேடிப் படித்தேன். 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் மேல் ரூபி லேசர் ஒளியைப் பாய்ச்சினார். மழித்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. பிறகு ஆறாத புண்களிலும் அதை முயன்றார். 630 முதல் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியை செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சுவதால் செல்லுக்கு ஆற்றல் கூடும் என்கிறார்கள். அளவு மிஞ்சினால் பலன் குறைந்துவிடுமாம். நீல ஒளி அதிகமானால் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பெருகுவது குறைவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் கிடைத்த விளக்கை வாங்கி வைக்க மனம் வரவில்லை.

வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை செய்திருக்கிறீர்களா? சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஒளி ஆற்றல் கொடுத்தார்கள், வாரத்துக்கு எத்தனை முறை? அப்புறம் ஒன்று, அம்மா டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார். வெயில் பட்டால் தோலைப் பாதிக்கும் மருந்து அது. சிவப்பு ஒளிக்கும் அந்தப் பயம் உண்டா? தோல் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வியாழக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்கிறோம்.