மான், காட்டுப்பன்னி ரெண்டுக்கும் ரிவால்வர் + லீவர் ஆக்‌ஷன் ரைபிள்: 357-ஆ, 44-ஆ?

ஆஸ்டின்_குமரன்:
வணக்கம் மக்களே. க்ரீன் கார்டு வந்தாச்சு, ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸும் முடிச்சுட்டேன். கூட வேலை பாக்கறவர் குடும்பத்துக்கு டெக்சாஸ்ல லானோ பக்கம் ரான்ச் (பெரிய பண்ணை) இருக்கு, இந்த சீசன்ல மானுக்கு வரச் சொல்லியிருக்கார், பன்னி வருஷம் பூரா அடிச்சுக்கலாம்னும் சொல்லிட்டார். எனக்கு ஆசை என்னன்னா ஒரே தோட்டா ரிவால்வர்லயும் போகணும் லீவர் ரைபிள்லயும் (ட்ரிகர்கிட்ட இருக்கற நெம்புகோலைக் கீழ இழுத்து மேல தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்தற ரைபிள்) போகணும், பையில ரெண்டு வகை வச்சுக்கிட்டு குழம்பக் கூடாது. 357 மேக்னம், 44 மேக்னம், 45 கோல்ட்னு மூணு தோட்டா வகையும் மனசுல ஓடுது. வீட்டுக்காரம்மாவும் ரேஞ்சுக்கு வந்து சுடுவாங்க. எதுக்குப் போகலாம்?

ஹில்கன்ட்ரி_வேட்டை:
லானோன்னா கண்ணை மூடிக்கிட்டு 357 எடுங்க ப்ரோ. அந்தப் பக்கத்து வெள்ளைவால் மான் எண்ணிக்கையில ஜாஸ்தி, ஆனா உடம்பு சின்னது, வடக்கு மாநிலத்து மான் மாதிரி கனமா இருக்காது. ரிவால்வர்ல 158 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) குண்டு செகண்டுக்கு 1200, 1250 அடி வேகத்துல போகும், அதே தோட்டாவை 18 இஞ்ச் பேரல் (குழல்) இருக்கற ரைபிள்ல போட்டா 1800 அடி பக்கம் போயிரும். நீளமான பேரலால இந்த அளவுக்கு லாபம் பாக்கற கைத்துப்பாக்கித் தோட்டா ரொம்பக் கம்மி. 100 யார்டுக்குள்ள மானுக்கு அது தாராளம், ஃபீடர் (மானுக்குத் தீனி போடற கருவி) வச்ச இடத்துல எப்படியும் அதுக்குள்ளதான் ஷாட் வரும். இன்னொரு பெரிய விஷயம் 38 ஸ்பெஷல். 357 துப்பாக்கியில அது அப்படியே போகும், உதை கம்மி, விலையும் கம்மி, வீட்டுல அவங்க அதுலயே பழகிக்கலாம். ஆனா 38 நிறைய சுட்டா அது நீளம் கம்மிங்கறதால சேம்பர்ல (தோட்டா உக்கார்ற அறை) அதோட வாய் முடியற இடத்துல கரி வளையமாப் பிடிச்சுக்கும், அதை ப்ரஷ் போட்டுத் தேய்க்காம விட்டா அப்புறம் 357 தோட்டா முழுசா உள்ள போகாது. சுட்டு முடிச்ச அன்னிக்கே தேய்ச்சுருங்க.

பைனிவுட்ஸ்_மணி:
அண்ணன் சொன்னது மானுக்கு சரி, பன்னியை விட்டுட்டார். நான் கிழக்கு டெக்சாஸ், இங்க எனக்குப் பன்னிதான் முக்கியம். வயசான ஆண் பன்னியோட முன்னந்தோள்ல தோலுக்கு அடியில ஒரு தடிச்ச கேடயம் இருக்கும், உரிக்கும்போது கத்தி வச்சா பழைய டயரை அறுக்கற மாதிரி இருக்கும். அதைத் தாண்டி உள்ள போகணும்னா கனமான குண்டு வேணும், 44-ல 240 கிரெய்ன் போட்டா மனசுல சந்தேகமே வராது. ரைபிள்ல அது 1700 அடிக்கு மேல போகும், 125 யார்டு வரைக்கும் தைரியமா சுடலாம். மானுக்குக் குறி வைக்கற அதே இடத்துல பன்னிக்கு வைக்காதீங்க, பன்னிக்கு இதயம் இன்னும் கீழயும் முன்னாடியும் இருக்கு, மான்னு நினைச்சு தோளுக்குப் பின்னாடி நடுவுல அடிச்சா அது குடல்ல பட்டு ஓடிரும், பாவம் ராத்திரி பூரா கிடந்து துடிக்கும். 44-லயும் லேசான தோட்டா இருக்கு, 44 ஸ்பெஷல், ஆனா 38 மாதிரி எல்லாக் கடையிலயும் கிடைக்காது, விலையும் ஜாஸ்தி. உரிக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம், காட்டுப்பன்னிகிட்ட புரூசெல்லோசிஸ்னு ஒரு தொற்றுநோய் இருக்கு, அது நமக்கும் ஒட்டும்.

ஓஹையோ_அக்கா:
தம்பி, கேலிபர் (குண்டோட விட்டம்) சண்டையில எல்லாரும் ரைபிளைப் பத்தியே பேசறாங்க. ரைபிள்ல 357-உம் வேலை செய்யும் 44-உம் வேலை செய்யும். ஜோடியில பலவீனமான பாதி ரிவால்வர்தான், அதை வச்சு முடிவு பண்ணுங்க. சின்ன பேரல்ல வேகமும் கம்மி, குறியும் கஷ்டம், 44-ஓட உதைக்குப் பயந்து ட்ரிகரை இழுக்கற நேரத்துல கை தானா கீழ போகும். ரேஞ்சுல ஒரு பேப்பர் ப்ளேட்டை மாட்டுங்க, முதல்ல 25 யார்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போங்க. எந்த தூரம் வரைக்கும் ஒரு குண்டு கூட ப்ளேட்டை விட்டு வெளிய போகலையோ அதுதான் உங்க வேட்டை தூரம். 357-ல 40 யார்டும் 44-ல 20 யார்டும் வந்தா உங்களுக்கு 44 பெரிய தோட்டா இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி ரேஞ்சுல ரெண்டையும் வாடகைக்கு எடுத்து சுட்டுப் பாருங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. காதுக்குள்ள ப்ளக், மேல மஃப், ரெண்டும் வேணும், மேக்னம் ரிவால்வர் சத்தம் ஒரே தடவையில காதைக் கெடுத்துரும்.

45 கோல்ட் 1873-லேர்ந்து இருக்கற தோட்டா, எனக்கும் அதுமேல ஆசை உண்டு. ஆனா கடையில ரெண்டு வகை அழுத்தத்துல விக்கறாங்க. ஸ்டாண்டர்ட் 14,000 பி.எஸ்.ஐ.தான், அதை விட ரொம்ப அதிக அழுத்தத்துல ரூகர் மாதிரி கனமான துப்பாக்கிக்குன்னே தனியா தயாரிக்கறதும் இருக்கு. பெட்டியைப் படிக்காம பழைய கோல்ட் மாடல்ல அந்த ரெண்டாவதைப் போட்டா சிலிண்டரே வெடிக்கலாம். வீட்டுல ரெண்டு பேர் எடுத்து சுடப்போறீங்க, அந்தக் குழப்பம் வேண்டாம். நாளைக்கு மாநிலம் மாறினாலும் 357-உம் 44-உம் கை கொடுக்கும். இங்க ஓஹையோவுல மானுக்கு ரைபிள்னா நேர்ச்சுவர் தோட்டா (கூடு கழுத்துல ஒடுங்காம நேரா இருக்கறது) மட்டும்தான், 357-லேர்ந்து 50 கேலிபர் வரைக்கும், ரெண்டுமே அதுக்குள்ள வந்துரும்.

புதுசு_டல்லாஸ்:
நடுவுல ஒரு சந்தேகம். நான் எச்1பி வேலை விசாவுல இருக்கேன். டெக்சாஸ்ல தனியார் நிலத்துல ஓனர் அனுமதி இருந்தா பன்னிக்கு லைசென்ஸே வேண்டாம்னு சொல்றாங்களே, அப்ப நானும் ஒண்ணு வாங்கி சுடலாமா?

ஓஹையோ_அக்கா:
நில்லுப்பா, அவசரப்படாத. பன்னிக்கு லைசென்ஸ் வேண்டாங்கறது 2019-ல வந்த டெக்சாஸ் சட்டம். எச்1பி, எச்4 (குடும்ப விசா), எஃப்1 (மாணவர் விசா) இதுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம், அதுல இருக்கற முக்கியமான விதிவிலக்கு செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ். அதனால பன்னி மட்டும்தான் சுடப்போறேன்னாலும் நீ லைசென்ஸ் எடுத்தே ஆகணும். டெக்சாஸ் வருஷ லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓட முடியும், புதுப்பிக்காம துப்பாக்கியை வீட்டுல வச்சிருந்தா விசாவுக்கே ஆபத்து. வாங்கறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு. குமரனுக்கு க்ரீன் கார்டு, அவருக்கு இந்தத் தடை இல்ல.

ஆஸ்டின்_குமரன்:
ரொம்ப நன்றி அக்கா, மணி அண்ணா, எல்லாருக்கும். ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து நாங்க ரெண்டு பேரும் சுட்டுப் பாத்துட்டோம். 44-ல எனக்கு ப்ளேட்டுல நிக்கல, அவங்க ஒண்ணு சுட்டுட்டு கீழ வச்சுட்டாங்க, 357-ல ரெண்டு பேருக்கும் நல்லா விழுந்துச்சு. அதனால 357, ரூகர் ஜிபி100 ஆறு இஞ்ச். பெரிய ஆண் பன்னி வந்தா ரைபிள்தான், ரிவால்வரைத் தொட மாட்டேன். ரைபிள்ல மார்லின் 1894, ஹென்றி பிக் பாய், ரோஸி ஆர்92 இந்த மூணுல எது?

ஹில்கன்ட்ரி_வேட்டை:
மூணும் நல்லதுதான், பட்ஜெட்னா ரோஸி, அது 1892 வின்செஸ்டர் டிசைன், எடையும் கம்மி, ரான்ச்ல நடந்து திரியறதுக்கு சுகம். எது வாங்கினாலும் ஒரு விஷயம், டியூப் மேகசின்ல (பேரலுக்குக் கீழ தோட்டா வரிசையா நிக்கற குழாய்) ஒரு தோட்டாவோட மூக்கு முன்னாடி இருக்கற தோட்டாவோட ப்ரைமர்ல (தட்டினா வெடிக்கற பின்பக்கப் பொட்டு) முட்டிக்கிட்டுதான் நிக்கும், அதனால தட்டை மூக்கு குண்டு மட்டும் போடுங்க, இல்லன்னா ஹார்னடி லெவரெவல்யூஷன் மாதிரி மெத்து முனை இருக்கறது. கூர் முனை உலோகக் குண்டு கூடவே கூடாது. பன்னிக்குன்னா 158-க்குக் கீழ போகாதீங்க, 180 கிரெய்ன் கெட்டி ஈயக் குண்டு கிடைச்சா இன்னும் நல்லது.

பைனிவுட்ஸ்_மணி:
357-ஏ எடுங்க தம்பி, கையில நிக்கற துப்பாக்கிதான் சரி. ஒரே தோட்டாவா இருந்தாலும் ரெண்டு துப்பாக்கிக்கும் ஒரே பெட்டி ஒத்துப்போகும்னு எடுத்துக்காதீங்க. ரெண்டு மூணு கம்பெனி தோட்டா ஒவ்வொரு பெட்டி வாங்கி ரைபிள்ல லீவரை மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, சில குண்டோட தோள் சேம்பர் வாயில தட்டி நிக்கும், 38 ஸ்பெஷல்ல அது இன்னும் ஜாஸ்தி. சிக்காம போற பெட்டியில எது ரிவால்வர்லயும் ப்ளேட்டுக்குள்ள விழுதோ அதையே சீசனுக்கு மொத்தமா வாங்கி வச்சுருங்க. குறி பாக்கற சைட் அட்ஜஸ்ட் பண்றதும் அதே தோட்டாவுல பண்ணுங்க, ரைபிளுக்கு 75 யார்டு, ரிவால்வருக்கு 25.

ஆஸ்டின்_குமரன்:
சரிண்ணா, ரோஸி கடையில இருக்கான்னு நாளைக்கே கேக்கறேன். 180 கிரெய்ன் கிடைச்சா அதையும் சேத்து சுட்டுப் பாத்துட்டு எது சிக்குச்சு எது சிக்கலன்னு இங்கயே போடறேன்.