திருநீர்மலையில் திண்ணை போனால் ஊரே போய்விட்டதா?

மாடவீதி மன்னார்:
"மனிதர்கள்தான் ஊர், கட்டடம் அல்ல. திருநீர்மலையில் நாலு மாடி எழுந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று நேற்று செங்கல் சித்தர் அருளியிருந்தார். மலையேறி அரங்கநாதரைச் சேவித்துவிட்டுத் திரும்பிக் கீழே பாருங்கள் சித்தரே. குளமும் ஓடுகளும் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்தான் வரிசையாக நிற்கின்றன. மாடியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். திண்ணையை இடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. சிவப்புக் காவி பூசி வழவழப்பாக்கி, தலை வைக்க ஒரு முனையை மேடாக்கிய திண்ணை. அதை இடித்துவிட்டு ஆளுயர மதிலும் இரும்புக் கதவும் வைத்தால் அது கிராமத்துத் தெருவா, சிறைச்சாலையா?

செங்கல் சித்தர்:
எந்தக் கிராமம்? 2021-இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோதே திருநீர்மலைப் பேரூராட்சி அதில் சேர்ந்துவிட்டது. திண்ணையை யாரும் ஆசைப்பட்டு இடிக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டே போனார்கள். தெரு ஏறியது, வீடு இறங்கியது. படியேறி உட்கார்ந்த திண்ணை தெருவோடு சமமானது. ஒரு மழைக்கே சாக்கடை கூடத்துக்குள் வந்தது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்குள் முழுக வேண்டியது முழுகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நீங்கள் மயிலாப்பூர் மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

மாடவீதி மன்னார்:
நான் மயிலாப்பூர்க்காரன் அல்ல, திருவல்லிக்கேணி. இதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் ஊரின் தன்மையைப் பேச வந்துவிட்டார். வீட்டை உயர்த்துகிறவர் திண்ணையையும் சேர்த்து உயர்த்தினால் கை தேய்ந்துவிடுமா?

செங்கல் சித்தர்:
கை தேயாது, அனுமதி கிடைக்காது. தெருவை ஒட்டித் திண்ணை, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் என்று வரைபடம் கொண்டுபோய்ப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி முன்னால் இடம் விட வேண்டும். விட்ட இடத்தில் கார் நிற்கும். கார் நின்றால் மதில் வரும், மதில் வந்தால் கதவு வரும். இதே விதிகள் 18.30 மீட்டர் வரை 'உயரமற்ற கட்டடம்' என்கின்றன; உங்களை உறுத்தும் நாலு மாடி அதற்குள்தான் அடங்கும். நான் கட்டிக் கொடுக்கிறவன், விதியை எழுதியவன் அல்ல.

தேம்ஸ் தம்பி:
அண்ணன்மாரே, இங்கே இங்கிலாந்தில் 1967-இலேயே சட்டம் போட்டு, தனிக் கட்டடத்தை மட்டுமல்லாமல் பகுதியையே பாதுகாக்கத் தொடங்கிவிட்டார்கள். சின்னக் கிராமங்கள்கூட அதில் உண்டு. அந்தப் பகுதிக்குள் உங்கள் வீட்டு மரத்தை வெட்டவே ஆறு வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். நம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும்.

செங்கல் சித்தர்:
வந்துவிட்டார் வெள்ளைக்காரர். தம்பி, அங்கே திண்ணை உண்டா?

தேம்ஸ் தம்பி:
திண்ணை இல்லை. ஆனால் ஆறு வாரம்...

செங்கல் சித்தர்:
இல்லை அல்லவா? நகருங்கள். மன்னார் உருகும் கூரை ஓட்டுக்கு வருகிறேன். மங்களூர் ஓட்டு ஆலையை 1865-இல் தொடங்கியவர் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர். உங்கள் பரம்பரைப் பெருமை கப்பலில் வந்தது.

மாடவீதி மன்னார்:
நான் சொன்னது நாட்டு ஓடு! குயவர் சக்கரத்தில் சுற்றிச் சூளையில் சுட்ட ஓடு.

செங்கல் சித்தர்:
'ஓடுகள்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

பல்லாவரம் பங்கஜம்:
இரண்டு பேரும் திண்ணை, திண்ணை என்கிறீர்களே, அதில் உட்கார்ந்தது யார்? ஆண்கள் உட்கார்ந்து சீட்டாடினார்கள். நாங்கள் கதவிடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தோம். எந்தச் சாதிக்காரர் அதில் உட்காரலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்பதும் தெருவுக்கே தெரியும். இடிந்தது நல்லதே.

மாடவீதி மன்னார்:
அம்மா, வழிப்போக்கர் படுத்துறங்கிய இடம் அது. அரசியலை இழுக்காதீர்கள்.

பல்லாவரம் பங்கஜம்:
எல்லா வழிப்போக்கருமா?

மாடவீதி மன்னார்:
முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்களே, அங்கே திண்ணை நிற்கவில்லையா? மனம் இருந்தால் வழி உண்டு.

செங்கல் சித்தர்:
1996-இல் திறந்த காட்சியகம் அது. டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தத் திண்ணையில் போய்ச் சாயுங்கள், யார் தடுத்தது? திருநீர்மலைக்காரன் இரவில் படுத்துத் தூங்க வேண்டும். குன்றைச் சுற்றி நீர் சூழ்ந்ததால் திருமங்கையாழ்வாரே ஆறு மாதம் காத்திருந்து சேவித்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அந்த ஊரில் தாழ்வாரத்தைத் தாழ வை என்கிறீர்கள்.

மாடவீதி மன்னார்:
தாழ வை என்று எப்போது சொன்னேன்? உயர்த்திக் கட்டு என்றேன். முன்பு நாம் நடத்திய ஏரி விவாதத்திலும் இப்படித்தான், சொல்லாததற்குப் பதில் எழுதினீர்கள்.

செங்கல் சித்தர்:
ஏரி விவாதத்தில் பாதியில் காணாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் திண்ணை எந்த மாடியில் இருக்கிறது? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மாடவீதி மன்னார்:
வாடகை வீட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

தேம்ஸ் தம்பி:
ஆறு வாரம் பற்றி இன்னும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.