மூடுவதற்கு முன்னால் வந்து பார்த்தவர்கள்

மடிப்பாக்கம்வாசி:

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டி ஏழு வாரம் ஆகியிருந்தது. வாசலில் பலகை போட்டு, அதன் மேல் நடந்துதான் பால் வாங்கப் போவேன். வார்டு பொறியாளரை நான் திட்டாத நாள் கிடையாது.

ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு பைக்கில் தனியாக வந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். கட்டி வைத்திருந்த கம்பிக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, "கம்பி பிசிசி மேலேயே படுத்துக் கிடக்கு. கவர் பிளாக் எங்கே?" என்றார். பிசிசி என்றால் அடியில் கம்பியில்லாமல் போடும் கான்கிரீட் அடுக்காம். தெருமுனையில் கலந்த கான்கிரீட்டோடு ரெடிமிக்ஸ் லாரி சுற்றிக்கொண்டே நின்றது. திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சார், இன்னைக்கே போட்டா வண்டி எடுக்கலாம்னு இருந்தோம்" என்றேன். "ரெண்டு நாள் பொறுங்கம்மா. கம்பியைச் சுத்தி கான்கிரீட் போகலைன்னா துரு பிடிச்சு வெடிச்சுடும். அப்போ மறுபடி தோண்டணும்" என்றார். மூன்றாம் நாள் கம்பிக்கு அடியில் தீப்பெட்டி அளவில் குட்டிக் குட்டி சிமென்ட் கட்டைகள் வைத்திருந்தார்கள். அதுதான் கவர் பிளாக். அவ்வளவு சின்னப் பொருளுக்காக ஒரு லாரி திரும்பிப் போனது.

உங்கள் ஏரியாவில் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா? நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

ஓய்வுபெற்றவன்:

அம்மா, லாரியைத் திருப்பி அனுப்புவது லேசான காரியம் இல்லை. அது ஒப்பந்ததாரருக்குப் பணம். ஏற்றினதிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் வீண். டிரைவர் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டு இளக்கப் பார்ப்பார். அதைக் கண்டும் காணாமல் இருக்கிற பொறியாளர்தான் எல்லாருக்கும் 'நல்லவர்'.

நான் அந்த வேலையில் 28 வருஷம் இருந்தவன். 2011-ல் சென்னை மாநகராட்சி விரிவடைந்து 15 மண்டலம், 200 வார்டு ஆனது. வார்டுக்கு ஒரு உதவிப் பொறியாளர் என்பது கணக்கு. ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வார்டும் நம் தலையில்தான். காலையில் சாலை, பத்து மணிக்குக் கூட்டம், மதியம் 1913 என்ற புகார் எண்ணுக்கு வந்த புகார்கள், சாயங்காலம் கவுன்சிலர். நடுவில் எம்-புக்.

வெளியாட்களுக்கு எம்-புக் தெரியாது. அளவுப் புத்தகம். நீளம், அகலம், ஆழம் என்று நாங்கள் எழுதுவதுதான் பில்லாக மாறும். மேலதிகாரி செக் மெஷர் பண்ணுவார், அதாவது மறுபடி அளந்து பார்ப்பார், உண்மைதான். ஆனால் மண்ணுக்குள் போனதை அவர் எப்படி அளப்பார்? அடித்தளத்தை மூடுவதற்கு முன்னால் யார் டேப் பிடித்தாரோ அவர் எழுதியதுதான் சாட்சி.

ஒரு தெருவில் ராத்திரி போன் வந்தது. "சார், பிசிசி போட்டு ஸ்டீலும் கட்டியாச்சு, காலையில கான்கிரீட்." பிசிசியை நான் பார்க்கவே இல்லை. காலையில் போய் ஓரத்தில் ஒரு இடத்தை உடைக்கச் சொன்னேன். பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டியது ஆறுதான் இருந்தது. மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "ஓரம்ல சார், உள்ளே சரியா இருக்கும்" என்றார். இன்னும் ரெண்டு இடத்தை நானே கைகாட்டினேன். ஏழு, ஆறரை. அந்தத் துண்டு முழுக்கக் கம்பியைப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட வைத்தேன். அன்றைக்கு வந்த போன்களை எண்ணவில்லை.

பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேறொரு தெருவில் பார்க்காமலே அளவு எழுதியிருக்கிறேன். அது 2015 டிசம்பர். வெள்ளத்தில் படகு, மோட்டார், சாப்பாட்டுப் பொட்டலம் என்று நாலு நாள் தூக்கமில்லை. அதற்கு முந்தைய வாரம் மூடிய ஒரு கல்வெர்ட்டின் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம்) கணக்கை மேஸ்திரி சொன்னபடி எழுதிவிட்டேன். மூணு வருஷத்தில் சாலை தட்டு மாதிரிக் குழிந்தது. அந்த வழியாகப் போக நேர்ந்தால் இப்போதும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

சைட்காரன்:

சார், நான் எதிர்ப்பக்கம். ஒப்பந்ததாரரிடம் சூப்பர்வைசர்.

சென்னையில் பெரிய சாலைகளில் தார் ராத்திரியில்தான் போட முடியும். ஒருமுறை ஒரு மணி இருக்கும். தார்க் கலவை பிளான்ட்டிலிருந்து வந்த லாரி வழியில் மாட்டிக்கொண்டு தாமதம். தார்பாயை விலக்கினால் புகை கொஞ்சமாகத்தான் எழுந்தது. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பொறியாளர் லாரி மேல் ஏறி, ஈட்டி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரைக் கலவைக்குள் குத்தி நின்றார். முள் 128-ல் நின்றது. விஜி-30 என்ற ரகத் தாருக்குப் போடும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும். வேறு இடத்தில் குத்தினார். 131. இறங்கி வந்து "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை.

ஆறிய கலவையை ரோலர் எத்தனை தடவை ஓட்டினாலும் இறுகாது, மழையில் கல் கல்லாகப் பெயரும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவர் மேல் எரிச்சல்தான். இந்தக் கண்டிப்பெல்லாம் எங்களிடம் மட்டும்தானா? பில் போட்டு மாசக்கணக்கில் ஃபைல் நகராது, அதற்கு யார் தெர்மாமீட்டர் குத்துவது? ஆட்களுக்கு வாரக்கூலி நான் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று. பழைய சாலையை மில்லிங் செய்து சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்பதில் இப்போது கண்டிப்பு. முன்பெல்லாம் அடுக்கு மேல் அடுக்காகப் போட்டுப் போட்டு, தெரு மேலே போய் வீடு கீழே போச்சு. அதற்குத் திட்டு வாங்கியதும் நாங்கள்தான்.

புது உ.பொ.:

உதவிப் பொறியாளர் வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. சார் எழுதியதைப் படித்துவிட்டு என் எம்-புக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

என் பிரச்சினை சரிவு. சென்னை தட்டை. நூறு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சரிவு கிடைக்கவே சில தெருக்களில் திண்டாட்டம். நடுவில் குடிநீர்க் குழாய் வரும், மின்கேபிள் வரும், யாரும் வரைபடத்தில் காட்டாத ஒன்றும் வரும். அதைத் தாண்ட வடிகாலை ரெண்டு இஞ்ச் தூக்கினால் போதும், முதுகில் ஒரு மேடு விழுந்துவிடும்.

முதல் வேலையில் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை வைத்து, ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடிக்கச் சொல்லி எல்லாம் எழுதிவிட்டு, சரியாக இருக்கிறது என்றேன். வயசான மேஸ்திரி ஒருவர், "மேடம், ஒரு குடம் ஊத்திப் பார்த்துடலாமா?" என்றார். ஊற்றினார். தண்ணீர் நாலடி போனது, நின்றது, அப்புறம் நிதானமாக எங்கள் காலடிக்கே திரும்பி வந்தது. ஸ்டாஃப் பிடித்த பையன் ஒரு இடத்தில் செங்கல் துண்டின் மேல் வைத்திருக்கிறான். இப்போது லெவலும் எடுப்பேன், குடமும் ஊற்றுவேன்.

இவ்வளவு சரியாகக் கட்டினாலும் கடைசியில் அந்தத் தண்ணீரைக் கால்வாய் வாங்கிக்கொள்ள வேண்டும். கடலில் அலையேற்றம் இருக்கும் நேரத்தில் பக்கிங்ஹாம் கால்வாயில் தண்ணீர் உயர்ந்து நின்றால், நம் வடிகால் அதற்குள் விழாது. மக்கள் நின்று கேட்பது என்னவோ என்னைத்தான்.

தாம்பரம் பக்கம்:

படித்தால் பயமாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்றவன்:

கான்கிரீட் போடும் நாளில் இரும்பு அச்சில் 15 சென்டிமீட்டர் கட்டிகள் எடுக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு சாம்பிளுக்கு மூன்று. அதை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்ப்பார்கள். எடுக்கவே இல்லையென்றால் கேளுங்கள். மறுநாளிலிருந்து கான்கிரீட் மேல் போர்த்திய கோணிச் சாக்கு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது ஏழு நாள் காயவிடக் கூடாது. மற்றது எல்லாம் உங்களால் முடியாது, விடுங்கள்.

@சைட்காரன், தம்பி, ஃபைல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பதில் என்னிடம் இல்லை.

மடிப்பாக்கம்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று நல்ல மழை. தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, எங்கள் வாசலில் மட்டும் நின்றது. வரட்டும், கேட்கிறேன் என்று இருந்தேன்.

இன்று காலை அதே பொறியாளர் வந்தார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "வண்டல் தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லுங்கம்மா, பார்த்துடறேன்" என்றார். மழைநீரோடு வரும் மண் தங்குகிற தொட்டி அது. ஆள் வந்து தேடினார். மூடியைக் காணோம். பொறியாளர் எங்கள் கேட்டையும் கார் ஏற்றுகிற சாய்தளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வடிகால் வேலை முடிந்ததும் போன மாதம் நாங்கள் போட்ட சாய்தளம். டைல்ஸ் வேறு ஒட்டியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை உடைக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.