குளிர்த்தி முடிஞ்ச இரவு மூண்டு குளிசை

மனவருத்தத்தை நாங்களும் கண்டு, இப்ப அப்படியான பிள்ளைகளுக்குத் துணைக்கு நிக்கிற நாங்க ஒராளுக்கொராள் எழுதினது.

களுவாஞ்சிக்குடியில இருந்து:

கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நேரம்; கதவு திறக்கிறதில தொடங்கிக் குளிர்த்தியில முடியும். பொடியனுக்குப் பத்தொன்பது வயசு. ஒண்டரை வருசமா குளோசபின் (மனச்சிதைவு நோய்க்கான குளிசை), இரவில 300 மில்லிகிராம். கதவு திறந்த நாள்ல இருந்து கோயிலடியிலதான் கிடந்தான். குளிசை போட்டா அம்மனுக்குக் குத்தமெண்டு நினைச்சு நாலு இரவு போடல்ல, ஒருத்தருக்கும் சொல்லவுமில்ல. குளிர்த்தி முடிஞ்ச இரவு தாய் குளிசைக் காட்டை எடுத்து எண்ணிக் கண்டுபிடிச்சிட்டா. "போனது போகட்டும் மனே, இண்டையில இருந்து ஒழுங்காப் போடு" எண்டு நூறு மில்லிகிராம் குளிசை மூண்டையும் ஒண்டாக் குடுத்திட்டா.

விடியக் கிணத்தடி. வாளியை இழுத்துப்போட்டு நிமிந்தவன், கயிறு கையில இருக்க அப்படியே சரிஞ்சிட்டான். வாளி தண்ணியில போய் விழுந்த சத்தம்தான் வீட்டுக்குக் கேட்டது. முகம் சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வேர்வை, கூப்பிட்டாக் கண்ணைத் திறக்கான், மறுகா மூடுறான். "சடங்கு வைச்ச உடம்பு, தெய்வம் வந்திரிக்கு" எண்டு ஒராள் வேப்பிலை ஒடிக்கப் போயிட்டார். காலைத் தூக்கி வைச்சுப் படுக்கப்போட்டு, ஆட்டோ பிடிச்சு, ஆசுபத்திரியில பாத்தா பிரசர் நல்லா இறங்கியிருக்கு.

தாயில பிழையில்ல. பல குளிசைக்கு அது பெரிய பிழையில்ல, ஆனா குளோசபினுக்கு அது பெரும் பிழை. 48 மணித்தியாலத்துக்கு மேல விட்டா உடம்பு அந்த மருந்தை மறந்திரும். பழைய அளவை ஒரேயடியாப் போட்டா பிரசர் விழும், வலிப்பும் வரலாம். டொக்டர் திரும்ப 12.5 மில்லிகிராமில, அதாவது 25 மில்லிகிராம் குளிசையின்ர பாதியில இருந்துதான் ஏத்துவார். துணைக்கு நிக்கிற நாங்க "குளிசை போடுறியா" எண்டு கேட்டா ஓமெண்டுதான் வரும். "கடைசியாப் போட்டது எந்த இரவு?" எண்டு கேளுங்க. அந்தத் திகதியைக் கிளினிக் கொப்பியின்ர பின்பக்கத்தில எழுதுங்க.

மருதமுனையில இருந்து:

சடங்கைச் சொன்னீங்க, எங்கட பக்கத்தில நோன்பு. பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசு, மனநிலை ஏறி இறங்கிற வருத்தத்துக்கு லித்தியம் போடுறா. பதினோராம் நோன்பு, பாங்கு சொல்லிக் கஞ்சிக் கோப்பையைத் தூக்கினா. கோப்பை வாய்க்குப் போகல்ல. கை ஆடி ஆடிக் கஞ்சி மடியெல்லாம் ஊத்துப்பட்டிச்சு. உம்மா "பசிக் களைப்பு" எண்டாங்க. கூட இருந்த ராத்தா கேட்டாங்க, "இண்டைக்கு வேற என்ன குளிசை போட்டீங்க தங்கச்சி?" பல்லுக் கொதிக்கெண்டு ரெண்டு நாளாப் பாமசியில டைக்குளோபினாக் வாங்கிப் போட்டிரிக்கா. வயித்தோட்டமும் இருந்திரிக்கு.

லித்தியம் கிட்னியாலதான் வெளிய போகும். தண்ணியும் உப்பும் குறைஞ்சா கிட்னி அதைப் பிடிச்சு வைச்சிரும். டைக்குளோபினாக், ஐபுபுரோபன் ரெண்டும் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நோவுக்குப் பரசிட்டமோல் மட்டும். விரல் நுனி மெல்லிசா நடுங்கிறது வழமைதான். கோப்பை பிடிக்க ஏலாத நடுக்கம், சத்தி, வயித்தோட்டம், நாக்குக் குழறல், நடை தள்ளாட்டம் வந்தா அடுத்த குளிசைக்கு முதல் ஆசுபத்திரி. லித்தியம் அளவு பாக்க ரத்தம் எடுக்கிறது கடைசிக் குளிசைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. இரவு ஒன்பதுக்குப் போட்டா விடிய ஒன்பதுக்கு, விடியக் குளிசை போடாம.

நோன்பு பிடிக்கலாமா எண்டதை நோன்புக்கு முதலே கிளினிக்கில கேக்கணும். விடச் சொல்லி நாங்க சொன்னா எடுபடா. நோயாளிக்குச் சலுகை இரிக்கு, இல்லாட்டி பித்யா (நோன்புக்குப் பதிலா ஏழைக்குச் சாப்பாடு) குடுக்கலாம் எண்டதை மௌலவி வாயால கேட்டாத்தான் அந்தப் பிள்ளைக்கு மனசு ஆறும்.

வெல்லாவெளியில இருந்து:

முதல் எழுதினவரோட எனக்கு உடன்பாடில்லை. போனதும் காட்டை எண்ணி, மில்லிகிராம் கேட்டால், அந்தப் பிள்ளை உங்களையும் ஒரு மிஸ்ஸியாகத்தான் (தாதியாகத்தான்) பார்க்கும். கிளினிக்கில் எல்லாரும் கேட்பதை நாமும் கேட்கப் போக வேண்டுமா?

இங்கே ஒரு பொடியன், பதினேழு வயது. குளக்கட்டில் நாற்பது நிமிடம் ஒரு சொல் இல்லை. எழும்பப் போகும்போது கேட்டான்: "உங்களுக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதா?" தனக்குக் கேட்கும் குரலைத்தான் சொன்னான், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அவன் நாற்பது நிமிடம் எடுத்திருக்கிறான்.

அதனால் சொல்கிறேன். முகத்துக்கு நேரே இருக்க வேண்டாம், பக்கத்தில், இரண்டு பேரும் ஒரே திசை பார்த்து இருங்கள். அறைக்குள் போகாதீர்கள். முற்றம், குளக்கட்டு, வாவிக்கரை நல்லது. முதல் நாள் முக்கால் மணித்தியாலம் போதும், பொழுது படமுதல் வெளிக்கிடுங்கள். உங்களுடைய வருத்தக் கதையைக் கேட்டால் மட்டும், மூன்று வசனத்தில் சொல்லுங்கள். நாலாவது வசனத்தில் அது உங்கள் கதையாகிவிடும், பிள்ளை ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடும். நம்மில் அதிகம் பேர் பிழைவிடும் இடம் இதுதான்.

குரல் கேட்கிறது என்றால் "அப்படி ஒன்றும் இல்லை" என்று மறுக்கவும் வேண்டாம், "எனக்கும் கேட்குது" என்று பொய் சொல்லவும் வேண்டாம். எத்தனை குரல், ஆணா பெண்ணா, எந்த நேரம் கூட, என்ன செய்தால் குறைகிறது என்று கேளுங்கள். குரலோடு இப்படிப் பழகலாம் என்ற இயக்கமே 1987இல் நெதர்லாந்தில், குரல் கேட்டவர்கள் வாய் திறந்ததால்தான் தொடங்கியது. ஆனால் குரல் ஏதும் செய்யச் சொல்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

இரகசியம் பற்றி முதல் சந்திப்பிலேயே, இந்தச் சொற்களிலேயே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது என்னோட இருக்கும். உண்ட உசிருக்கோ இன்னொராள்ர உசிருக்கோ ஆபத்தெண்டா மறைக்க மாட்டன். ஆனா உன்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் மற்றாக்களிட்டச் சொல்லுவன்." பிறகு சொன்னால் அது காட்டிக்கொடுப்பு. தற்கொலைக்கு முயன்ற பிள்ளையைப் பொலிஸ் பிடிக்கும் என்று இன்னும் ஒளிக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தச் சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது, அதைத் தாய் தகப்பனுக்குச் சொல்லுங்கள். வயல் மருந்துப் போத்தலை வீட்டுக்குள் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரவில் நம்மைப் பிடிக்க முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

களுவாஞ்சிக்குடியில இருந்து:

நாற்பது நிமிசம் பேசாம இருந்தது சரி, அது பெரிய வேலை. ஆனா அந்த நாற்பது நிமிசத்துக்குப் பிறகு ஒரு கேள்வி கேக்கிறதால நாங்க டொக்டராகிற இல்ல. நான் எண்ணச் சொல்லல்ல, திகதி கேக்கத்தான் சொன்னன். இன்னொண்டும் விட்டுப்போச்சு: குளோசபின் போடுற பிள்ளையிட்ட மலச்சிக்கலைக் கேளுங்க. வெக்கத்தில ஒருத்தரும் சொல்றல்ல, முத்தினா குடலே அடைச்சு உசிருக்கு வரும். தொண்டை நோவோட காய்ச்சலெண்டா அண்டைக்கே ரத்தம் பாக்கணும். சிகரெட் பிடிக்கிறவன் திடீரெண்டு விட்டா ரத்தத்தில மருந்து ஏறும், அதையும் கிளினிக்கில சொல்லணும்.

திருக்கோவிலில இருந்து:

சண்டை வேணாம், ரெண்டும் வேணும். இதையும் கேளுங்க.

ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளை, ரிஸ்பெரிடோன் (இதுவும் மனநோய்க் குளிசைதான்) கூட்டி மூண்டு கிழமை. ரியூசன் கொட்டில் மணல் தரை. வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போன பிறகு பாத்தா, அவள் இருந்த வாங்குக்குக் கீழ ரெண்டு பள்ளம், குதிக்கால் அளவில, அரைச்சாண் ஆழம். ரெண்டு மணித்தியாலமாக் கால் அரைச்சிரிக்கு. சேர் "ஒழுங்கா இரு" எண்டு ஏசினது, வீட்டில "சோதினைப் பயம்" எண்டது, எல்லாம் அதுக்குத்தான். ஆனா அது அந்த மருந்தால வாற அந்தரம்; பயமெண்டு நினைச்சு மருந்தை இன்னும் கூட்டினா அந்தரம் இன்னும் கூடும். கேட்டது ஒரே கேள்வி: "மனசுக்க அந்தரமா, காலுக்க அந்தரமா? எழும்பி நடந்தாக் குறையுதா?" "கால்தான் அக்கா" எண்டு அழுதிட்டாள். அதை அவள் சொன்னபடியே ஒரு துண்டில எழுதிக் கிளினிக்குக்குக் குடுத்துவிட்டது. அளவைக் குறைச்சு, அந்தரத்தைத் தணிக்கப் புரொப்பிரனோலோல் குளிசையும் குடுத்தாங்க.

ஏ.எல். மூண்டு தரம் எழுதலாம் எண்டதை அவளுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்கல்ல. இப்ப வாசல் ஓர வாங்கு அவளுக்கு. இருபது நிமிசத்துக்கு ஒருக்கா எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாறாள், சேர் ஒண்டும் கேக்கிறல்ல.